சின்னவளோடு கொழும்பு பார்க்க வரும் மகளுக்கு

திருகோணமலை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பத்திரகாளி அம்மன் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். கச்சான் காற்று பிடித்துவிட்டது, முற்றமெல்லாம் புழுதி. வேறு புதினம் இல்லை. போனில் நீ ஆறுதலாகக் கதைப்பதே இல்லை, "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதமாக எழுதி, அண்ணாவைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன். இரண்டு தரம் வாசி.

ஊருக்கு வர முன்னம் சின்னவளுக்கு மூன்று நாள் கொழும்பு காட்டப்போவதாகச் சொன்னாய். நல்ல காரியம். தாயும் மகளும் தனியே ஒரு நகரம் பார்ப்பது அவளுக்கு என்றைக்கும் நினைவில் நிற்கும். ஆனால் முதலில் கடதாசி வேலையைப் பார். அவள் பிரித்தானியப் பாஸ்போட். விசாவை அங்கிருந்தே இணையத்தில் எடு, பெயரைப் பாஸ்போட்டில் உள்ள எழுத்திலேயே போடு. உன் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கைப்பையில் வை. நூதனசாலையிலும் தாமரைக் கோபுரத்திலும் உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. அட்டை காட்டினால் உன் டிக்கெட்டாவது மிச்சம்.

பிள்ளை தாயோடு மட்டும் வெளிநாடு போவதென்றால் தகப்பனின் சம்மதம் வேண்டும் என்பது லண்டன் சட்டம். ஒரு கடிதம் போதும். அதில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பயணத் திகதிகள், இங்கே தங்கும் இடம், கடைசியில் கையெழுத்து. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கூட வை. உன் பாஸ்போட்டில் அப்பாவின் பெயர், அவளுடையதில் அவளின் அப்பாவின் பெயர். பெயர் ஒத்துவராவிட்டால் விமான நிலையத்தில் மறித்துக் கேட்பார்கள். நீ அனுப்பிய டிக்கெட் படத்தில் இரண்டு பெயர்தான் இருந்தது. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லையாக்கும். கடிதம் எழுதித் தருவார்தானே? கடைசி வாரத்துக்கு விடாதே, இப்போதே வாங்கி வை.

தங்க வெள்ளவத்தைதான் நல்லது. சாப்பாட்டுக் கடை, பாமசி, கோயில் எல்லாம் நடந்து போகிற தூரம், தமிழிலேயே கதைக்கலாம். காலி வீதியை ஒட்டிய அறை எடுக்காதே, விடிய முன்னமே பஸ் சத்தம். கடற்பக்க ஒழுங்கைகளில் எடுத்தாலும் றெயில் சத்தம் கேட்கும், அது பரவாயில்லை. இரண்டு கட்டில் அறையா, மூன்றா என்று அறிவித்தால் அண்ணா போய்ப் பார்த்துவிட்டே காசு கட்டுவான்.

கட்டுநாயக்கவில் இறங்கியதும் வெளியே வர முன்னம் சிம் போடு, காசையும் அங்கேயுள்ள வங்கிக் கவுண்டரிலேயே மாற்று, துண்டைப் பத்திரமாக வை. நூறு ரூபா, ஐந்நூறு ரூபாத் தாள்களாகக் கேட்டு வாங்கு. ஐயாயிரத்தை நீட்டினால் ஓட்டோக்காரரிடம் மாற்றிய காசு இருக்காது, அந்த இடத்தில்தான் வாக்குவாதம் வரும். ஓட்டோவைப் போனில் பிக்மீ ஆப்பில் கூப்பிடு. நம்பர் தட்டைப் பார்த்த பிறகே ஏறு. இருட்டின பிறகு றோட்டில் கை காட்டி மறிக்கவே வேண்டாம்.

முதல் நாள் எங்கேயும் ஓடாதே. நித்திரை கொண்டு எழும்பிப் பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போங்கள். அங்கே ஒரு பழைய கல் இருக்கிறது, சின்னவளைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி பின்னால் வருகிறவர்களைக் கேட்டு அதில் எழுதிவைத்திருக்கிறார். கடலில் மட்டும் இறங்க விடாதே. நீ வருகிற ஆவணி மாதத்தில் நம்முடைய கடல் குளம்; மேற்குக் கடல் அப்போதுதான் கொதித்துக்கொண்டிருக்கும். இறால் வடை வாங்கினால் கண்ணுக்கு முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்ததையே வாங்கு, மேலே தூவுகிற பச்சை வெங்காயமும் சம்பலும் லண்டன் வயிற்றுக்கு வேண்டாம்.

திரும்பி வரக் கோட்டையிலிருந்து கரையோர றெயில் நல்லது, பின்னேரம் கந்தோர் விடுகிற நேரத்தைத் தவிர்த்தால். வெள்ளவத்தைப் பக்கம் போகும்போது வலக்கைப் பக்கம் இருங்கள், கடல் முழுக்கத் தெரியும். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது உங்களுடையது. வாசலில் நிற்க விடாதே.

இரண்டாம் நாள் காலமை நூதனசாலை. திறந்த உடனே போ, வெயிலேறினால் உள்ளே வெக்கை. பௌர்ணமிப் போயாவோ அரச விடுமுறையோ வருகிறதா என்று கலண்டரைப் பார்த்துக்கொள். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம் அது. எல்லாம் பார்க்க நினைத்தால் பிள்ளை சலித்துவிடும், மூன்று போதும். ஒன்று, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல். சீனக் கடற்படை கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல். சின்னவள் எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கிறாளே, நாலு எழுத்தாவது பிடிக்கிறாளா பார். லண்டனில் வளர்கிற பிள்ளைக்கு நீ அந்த அளவு சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அதை நான் இங்கே சொல்லாத ஆள் இல்லை, உனக்குத்தான் சொல்லவில்லை.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோயில் வெண்கலங்கள். நடராசரின் திருவாசியை ஆறுதலாக நின்று பார்க்கச் சொல். மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1815க்குப் பிறகு உங்கள் ஊருக்குக் கொண்டுபோய், 1934இல்தான் திருப்பித் தந்தார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எடுத்த தாரா தேவி சிலை 1830இலிருந்து பிரித்தானிய நூதனசாலையில் நிற்கிறது. வெளிக்கிட முன்னம் ஒரு சனிக்கிழமை சின்னவளைக் கூட்டிப்போய்க் காட்டு. நம்முடைய கரையிலிருந்து போனது என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

பின்னேரம் பேர வாவியில் சீமா மாலக்க என்கிற புத்த கோயில் போதும். தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, கழற்றச் சுகமான செருப்பு.

மூன்றாம் நாள் புறக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை போகாதே, கடைகள் பாதி பூட்டு. ஒன்பது மணிக்குள் இறங்கினால் சனம் நெருக்க முன்னம் நடக்கலாம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், சிவப்பும் வெள்ளையுமாக. வெள்ளி மத்தியானம் தொழுகை, அந்த நேரம் உள்ளே போகக் கேட்காதே. மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் வண்டிலோடு வந்தால் சுவரோடு ஒதுங்கு, சுமையோடு வருகிற வண்டில் நினைத்த இடத்தில் நிற்காது. கைப்பையைக் குறுக்காகப் போட்டு முன்பக்கம் பிடி.

அப்படியே செட்டியார் தெரு. சின்னவளுக்குத் தோடு வாங்குவதென்றால் நிறை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியே எழுதின பில் கேள். பவுண் என்றால் இங்கே எட்டுக் கிராம். ஒரே கடையில் முடிக்காமல் மூன்று கடை ஏறி இறங்கு. பழைய நகை மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள், வேண்டாம். தாலிக்கொடி போட்டுக்கொண்டு புறக்கோட்டைக்குப் போகவே கூடாது. போன கிழமை வீடியோவில் உன் கழுத்து வெறுமையாகத் தெரிந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் கழற்றி வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். கொண்டு வருவதென்றால் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. கொண்டு வராவிட்டாலும் பரவாயில்லை, இங்கே ஒருவரும் அதைத் தேடப்போவதில்லை.

அங்கிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். மத்தியானம் நடை சாத்த முன்னம் போய்ச் சேர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எழுப்பின கோயில். 1907இல் தொடங்கி 1912இல் முடித்தார்கள். உள்ளே தூண் வரிசையில் குளிர்ந்துபோய் இருக்கும், சின்னவளும் கொஞ்சம் இருந்து களைப்பாறலாம். அருச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்பார்கள். மூவருடைய நட்சத்திரமும் உனக்குத் தெரியும். யார் யாருக்குச் செய்வது என்பது உன் விருப்பம்.

தாமரைக் கோபுரம் மூன்றரை நூறு மீற்றர் உயரம், 2022இல்தான் சனத்துக்குத் திறந்தார்கள். பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கப் போய்ச் சேர்ந்தால் பகலும் பார்க்கலாம், விளக்கும் பார்க்கலாம். மழை மூட்டம் என்றால் காசு நட்டம், விட்டுவிடு.

நுளம்பு முக்கியம். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், காலமையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும் கூடுதலாக. காலுக்கும் கைக்கும் மருந்து பூசு, நீளக் காற்சட்டை போடு. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவு. அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இபுபுரூஃபனையோ அஸ்பிரினையோ கொடுக்கவே கூடாது, டெங்கு என்றால் இரத்தம் கசியும். பொறுத்துப் பார்க்காமல் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதி. இதற்கும் நீ தனியே ஓடித் திரிய வேண்டாம், அண்ணாவுக்கு ஒரு கோல் எடு. எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்கப் பார்க்கிறாய். சின்ன வயதிலிருந்து கெட்டிக்காரி, அதுதான் எனக்குப் பெருமையும், பயமும்.

மற்றது, அந்தக் கடிதம். கையெழுத்து இல்லாமல் வெளிக்கிடாதே. அவர் தர மாட்டேன் என்றால், அல்லது கேட்கவே கூடாத நிலைமை என்றால், அங்கே ஒரு சட்டத்தரணியிடம் போ. செலவை அண்ணா அனுப்புவான், காரணம் கேட்க மாட்டான்.

கோட்டையில் இரவு றெயில் ஏறினால் விடிய இங்கே. ஒதுக்கின இருக்கை முப்பது நாளுக்கு முன்னம்தான் திறக்கும், திறந்த அன்றே முடிந்துவிடும், ஆகவே திகதியை இந்தக் கிழமைக்குள் சொல். கல்லோயாச் சந்தியில் றெயில் நிற்கும், நித்திரையில் பயப்படாதே. றெயில் இல்லாவிட்டால் 49ஆம் இலக்க பஸ், பகலில் மட்டும். அண்ணா ஸ்டேஷனில் நிற்பான். எத்தனை பேர் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. அயலட்டைக்கும் சொல்லவில்லை. நீ வாய் திறக்கும் வரை இந்த வீட்டில் ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா