ஜிம்மி இப்போது படி ஏறுவதில்லை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். வாட்ஸப்பில் போடாமல் எதற்கு இந்தப் பழைய காலேஜ் மெயிலுக்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதை நீ மட்டும்தானே திறப்பாய், அதனால்தான், வேறு ஒன்றுமில்லை. ஜிம்மியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பயந்துவிடாதே, உயிரோடு நல்லாத்தான் இருக்கிறான், இப்போதும் என் காலை அடைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறான்.

அவனுக்குப் பின்னங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டது. மார்கழி முழுக்க காலையில் எழுந்திருக்க ஒரு பாடு பட்டான். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்று யோசித்துவிட்டு, அப்புறம் பாட்டியம்மா மாதிரி நாலு எட்டு வைப்பான். பத்து நிமிஷம் நடந்தால் கொஞ்சம் சரியாகிவிடும், அதைப் பார்த்து நாங்களும் குளிர்தான், வயசுதான் என்று விட்டுவிட்டோம். பத்து வயசு ஆகிறதே. நீ செகண்ட் இயரில் மழையில் குடைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே, அப்பா மூன்று நாள் பேசாமல் இருந்தாரே, அந்தக் குட்டியா இது என்று இருக்கிறது.

முதலில் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதிலும் மூட்டு வலி வரும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை. அப்புறம் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி நிதானமாகச் சொன்னாள். இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்தில் பந்து உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டுமாம், இவனுக்குக் குட்டியில் வளரும்போதே கிண்ணம் ஆழமாக அமையவில்லை, லாப்ரடார் சாதியில் இது சகஜமாம். பந்து ஆடி ஆடி குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு ஓரத்தில் முள் முள்ளாக வளர்ந்திருக்கிறது. வலிக்கிற காலை ஊன்றாமல் ஊன்றாமல் தொடைச் சதை வற்றிப்போய், பாரம் எல்லாம் முன்னாலே வந்து, மார்பு மட்டும் அகலமாகிவிட்டது. முன்பக்கம் பயில்வான், பின்பக்கம் பஞ்சத்தில் அடிபட்டவன். நாங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எடை 41 கிலோ. 32-க்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். "என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டாள். நான் சோறு, கோழி என்று ஆரம்பித்தேன், அப்பா பக்கத்தில் இருந்து காலையில் நெய் தோசை, நாலு மணிக்கு பிஸ்கட், டவுனுக்குப் போனால் அல்வா என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார், என்னவோ ஊட்டியவள் நான் மட்டும் என்பதுபோல. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாக வளர்த்தார்களாம், ஒன்றுக்குக் கொடுப்பதில் கால்பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, கடைசி வரை கூட இருந்து பார்த்தார்களாம். குறைத்துத் தின்றது கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூட இருந்ததாம், மூட்டுத் தேய்மானமும் பிந்தித்தான் வந்ததாம். அன்றிலிருந்து இரண்டு வேளை அளந்து போடுகிறேன். அல்வா கிடையாது. உங்கப்பாவும் தானாக ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டார், யாரும் சொல்லவில்லை.

ஆனால் நீ குறைக்காதே. போன தடவை வீடியோவில் ஒரு நிமிஷம் முகம் தெரிந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கப்புறம் எப்போது பேசினாலும் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிடுகிறாய், உன் வீட்டு ஃபேன்தான் தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

வீட்டில் நிறைய மாற்றம் செய்திருக்கிறோம். உன் கல்யாணத்துக்கென்று சிவப்புத் தரையை உடைத்து டைல்ஸ் போட்டோம் இல்லையா, எல்லாரும் கண்ணாடி மாதிரி இருக்கு என்றார்கள், அந்தக் கண்ணாடிதான் அவனுக்கு எமன். எழும்போது கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கி விரிந்துவிடும். இப்போது கூடத்திலிருந்து பின்வாசல் வரை ரப்பர் பாய் போட்டிருக்கிறோம், பார்க்க லாரி ஷெட் மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். பாய்க்காகப் பரண் மேலே தேடினபோது பெயர் போட்ட அந்தப் பத்தமடைப் பாய் உறையோடு அப்படியே இருந்தது. நீ எடுத்துக்கொண்டு போகவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

வாசல் படிக்குப் பழைய கதவுப் பலகையைச் சாய்த்து, மேலே கயிற்று மிதியடியை ஆணி அடித்து அப்பா சரிவு செய்திருக்கிறார். நகத்தை மாதம் ஒரு தடவை வெட்டுகிறோம், நீண்டால் விரல் ஊன்றாதாம். காரில் ஏற்ற ஈரிழைத் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். காலையில் வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து பத்து நிமிஷம் இடுப்பில் போடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு கிறங்கிப் போவான். தைலம் எதுவும் கூடாது. நான் முதலில் தெரியாமல் தடவினேன், நக்கியே தீர்த்தான், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷமாம். நடையும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக வண்ணாரப்பேட்டை வரை இழுத்துப்போய் மற்ற நாள் கட்டிப்போடக் கூடாது, தினமும் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக. நீந்தினால் நல்லது, தண்ணீர் உடம்பைத் தாங்கும், மூட்டில் பாரம் இறங்காது. ஆற்றில் வேகம் குறைந்ததும் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். அங்கே படித்துறையில் நீ அவனை முதல் தடவை தண்ணீரில் விட்டபோது, உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினானே, நீ என்னமோ உன்னை அவன் காப்பாற்றினதாக எல்லாரிடமும் சொன்னாய்.

பாளை அத்தை போன வாரம் வந்து, நாய்க்கு இவ்வளவா என்றாள். எங்க செல்வி கம்பெனியில் இருபது பேருக்கு மேலே இருக்கிறாள், அவள் நாய் அது, இவ்வளவும் செய்வோம் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். இப்போதும் அதே வேலையில்தானே இருக்கிறாய்? இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் "ம்" என்றாய். இருபது பேருக்குப் பதில் சொல்கிறவளுக்கு அம்மாவிடம் பத்து நிமிஷம் பேச நேரமில்லை, சரி.

இதுவரை எழுதினது எல்லாம் பெருமைக்கு எழுதினது. எக்ஸ்ரேக்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது, அப்பாவுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் ராத்திரி அவன் எழ முடியாமல் படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். போய்விட்டு என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் முட்டி வலி மாத்திரை இருந்தது, டைக்ளோஃபினாக், அதில் பாதியை உடைத்துத் தயிர்சோற்றில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் துள்ளிக்கொண்டு எழுந்தான். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, நானே டாக்டர் ஆகிவிட்டேன். நாலு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாந்தி, தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனான். கறுப்பு என்றால் வயிற்றுக்குள் ரத்தம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது முதலில் ஒன்றுமில்லை என்றேன், செல்வி. அப்பா பக்கத்தில் நின்றார். அவரை பில் கட்ட அனுப்பிவிட்டுத்தான் சொன்னேன்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. வயிற்றில் புண், கிட்னியிலும் அடி. மனுஷனுக்குப் போடுகிற வலி மாத்திரையை நாய் தாங்காது, ஐபூபுரூஃபனும் அப்படித்தானாம். இந்த டைக்ளோஃபினாக்கை மாட்டுக்கே போடக் கூடாது என்று 2006-ல் தடை போட்டார்கள், ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகெல்லாம் கிட்னி போய்க் கூட்டம் கூட்டமாகச் செத்துதாம். எனக்கு எங்கே தெரியும், நம் வீட்டு அலமாரியில் காப்பிப் பொடி டப்பா பக்கத்தில் இருக்கிற மாத்திரை. இப்போது அவனுக்கு வலிக்கு கபாபென்டின் என்கிற வேறு மருந்து கொடுக்கிறோம். கிட்னி சரியானதை ரத்தத்தில் பார்த்துவிட்டு நாய்க்கென்று இருக்கிற மாத்திரையை யோசிக்கலாம் என்றிருக்கிறாள். நீயும் தலைவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. சாப்பிட்டுவிட்டுப் போடு. தலைவலி ஏன் தினமும் வருகிறது?

அந்த டாக்டரம்மா ஒன்று கேட்டாள். எப்போதிலிருந்து இப்படி என்றாள். நான் ஒரு மாதமாக என்றேன். இல்லைம்மா, சதை இவ்வளவு வற்ற ஒரு மாதம் பத்தாது, இவன் முனகினானா, கத்தினானா என்று பார்த்திருப்பீர்கள், நாய் அவ்வளவு லேசில் கத்தாது, ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நிற்கும், விளையாட வராது, அதுதான் அது சொல்கிற விதம் என்றாள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் சித்திரையில் நீ வந்திருந்தாய். மாடியில் நான் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன், நீ காக்கா விரட்ட உட்கார்ந்திருந்தாய். ஜிம்மி ஏன் மேலே வரமாட்டேன் என்கிறான், கீழ்ப்படியிலேயே நிற்கிறானே என்று நீதான் கேட்டாய். தின்று கொழுத்துவிட்டான், சோம்பேறி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அங்கே எனக்கு" என்று ஆரம்பித்தாய். நான் மாவைப் பார்த்துக்கொண்டே, எல்லா வீட்டிலும் உள்ளதுதான் ஏட்டி, போகப் போகச் சரியாகும் என்றேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் அப்பாவிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடம் சொன்னால் உன் மாமனார் வீடு, பாளை அத்தை, தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரம், இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியது. அதற்குப் பயந்துதான் வடகத்தைப் பார்த்தேன். நீ எழுந்து கீழே போய் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாய். மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வடகம் காய்ந்த பிறகும் நான் கீழே வரவில்லை.

தங்கச்சி வரன் தள்ளிப் போனால் போகட்டும். மாத்திரை விஷயம் அப்பாவிடம் முன்னமே சொன்னதுதான், நேற்று ராத்திரி இதையும் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மாடி அறையிலிருந்த உன் கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, பின்வாசல் பக்கத்து அறையில் போட்டுக்கொண்டிருக்கிறார், அவர் இடுப்புக்கு இது வேண்டாத வேலை. கேட்டால், ஜிம்மியால் மாடி ஏற முடியாதே என்கிறார். மின்விசிறிக்குப் புது கெப்பாசிட்டர் மாட்டியிருக்கிறார், கதவுக்கு உள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜிம்மிக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். துண்டில் தூக்க ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும், அப்பாவால் இனி குனிய முடியாது. நீ வருவதாக இருந்தால் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றில்லை. லீவு கிடைத்தது என்றோ நாயைப் பார்க்க என்றோ அங்கே என்ன சொல்லிவிட்டு வந்தாலும் சரி. பெட்டி பெரிதாக இருந்தாலும் சரி. பத்து நாளாகப் பால் ஒரு பாக்கெட் கூடத்தான் வாங்குகிறேன், மிஞ்சினதை உறை ஊற்றிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா