எங்கள் திருப்பலிக்கு 75 நிமிடம் வேண்டும்

பேரன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

கடந்த ஞாயிறு காலை 10.45. ஆங்கிலிக்கன் மரபோடு கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த எங்கள் ஆர்டினரியேட் குழுவின் திருப்பலியில் நற்கருணை வாங்கியவர்கள் முழந்தாளிட்டு நன்றி மன்றாட்டைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே 11 மணித் திருப்பலியின் பாடகர் குழு மைக் சோதித்துக்கொண்டிருந்தது. பாடகர்கள்மேல் குறை இல்லை. அவர்களும் எப்போதுதான் சோதிப்பார்கள்? அட்டவணை அப்படி. அதைப் போட்டது பேரவை என்பதால்தான் இந்த மடல்.

ஒரு மணி நேரம் தந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கைக்கு வருவது 45 நிமிடம். 2015 திருவருகைக்காலத்திலிருந்து வழக்கில் உள்ள எங்கள் 'டிவைன் வொர்ஷிப்' திருப்பலி நூல் அதற்குள் அடங்காது. வாசகங்களைத் தொட முடியாது. ஞாயிறு என்பதால் நற்கருணை மன்றாட்டு 1 முழுமையாக வேண்டும். சுருக்கமான மாற்று மன்றாட்டு வார நாளுக்குத்தான். மறையுரையை எவ்வளவு குறைப்பது? கடைசியில் கத்தி விழுவது ஆங்கிலிக்கன் மரபிலிருந்து வந்த பகுதிகளின் மேல்தான். பாவ அறிக்கைக்குப் பின் வரும் ஆறுதல் வசனங்கள் நான்கில் 'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே' ஒன்றுதான் மிஞ்சுகிறது.

'உமது மேசைக்கடியில் விழும் துணுக்கைப் பொறுக்கவும் தகுதியில்லை, ஆண்டவரே' என்னும் மன்றாட்டு 1548-இல் எழுதப்பட்டது. 1552-இன் ஆங்கிலிக்கன் செபநூல் அதை 'தூயவர்' பாடலை அடுத்துத் தள்ளியது. இன்றைய நூல் நற்கருணைக்குச் சற்று முன் வைத்திருக்கிறது. சொல்லி முடித்த கையோடு பீடத்தின் முன்னுள்ள கிராதிக்குப் போய் மறுபடி முழந்தாளிட வேண்டும். மன்றாட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிராதியில்தான் நேரம் பிடிக்கும்: முட்டுவலிக்காரர்கள் கிராதியைப் பிடித்து மெல்ல எழுந்த பிறகே அடுத்தவருக்கு இடம். 'நின்றபடியே வரிசையில் வரச் சொல்லுங்கள்' என்று போன மாதம் சொல்லப்பட்டது. அந்த வார்த்தைகளைச் சொன்ன வாயோடு எப்படி நிற்பது?

எங்களுக்கு 75 நிமிடம் வேண்டும்.

ஈவன்சாங் என்னும் எங்கள் மாலை வழிபாட்டின் கதையும் இதேதான். மரியாவின் பாடல், சிமியோனின் பாடல் இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்கிறார்கள். மாலைப் புகழையும் இரவு மன்றாட்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் ஈவன்சாங். ஒன்றுக்கு ஒரு பாடல், அதனால் இரண்டு. ஒரே திருச்சபைதானே, 11 மணிக்கே வந்துவிடலாமே என்பவர்களுக்கும் ஒரு சொல். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இந்த மரபைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே காக்கச் சொன்னார். பகிர்ந்துகொள்ள வேண்டிய செல்வம் என்றார். நாங்கள் விருந்தாளிகள் அல்ல, ஐயா.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 11 மணித் திருப்பலியை 11.30-க்கு மாற்ற முடியுமா? முடியாவிட்டால் எங்களை மதியம் 12.30-க்கு மாற்றிவிடுங்கள், வருகிறோம். நேரம் எதுவானாலும் 75 நிமிடம் தாருங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆர்டினரியேட் குழுவினர்