வெயில் காய வாங்க: ஊட்டி ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காந்தல், எல்க்ஹில், ஃபிங்கர்போஸ்ட், தலைகுந்தா என்று எங்கே குடியிருந்தாலும் சரி, ஊட்டியைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நேராகவே கேட்கிறேன். தாவரவியல் பூங்காவுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? கோயம்புத்தூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனது கணக்கில் சேராது. மலர்க் கண்காட்சியும் சேராது. நீங்களாக, ஒரு வேலையும் இல்லாமல், சும்மா போய் உட்கார்ந்தது எப்போது? தெரிந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் "ஸ்கூல் படிக்கிறப்போ" என்றார்கள், ஒருத்தர் "அங்கே எல்லாம் டூரிஸ்ட்டுதானே போவாங்க" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நானும் அதே ரகம்தான், போன டிசம்பர் வரை. அன்றைக்குக் காலையில் கரண்ட் இல்லை. வெளியைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிர்கிற கொடுமை நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் மடங்கவில்லை. வெயில் எங்கே முதலில் விழும் என்று யோசித்துக்கொண்டே நடந்தவன் பூங்காவுக்குள் போய் நின்றேன்.

பெரிய புல்வெளி முழுக்க வெள்ளை. நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பித்தால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி என்பது நமக்குப் புதிதில்லை, வண்டி சீட்டைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தானே நாம். ஆனால் ஒரு இடத்தில் நின்று அது எப்படி உருகுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது, குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கித் தேங்குகிறது. அதனால்தான் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது பத்தடி தள்ளி, அந்தச் சூட்டை மேலே போகவிடாமல் கிளைகள் மூடியிருக்கிற மரத்தடியில் புல் பச்சையாகவே இருக்கிறது. தொட்டபெட்டா பக்கத்திலிருந்து வெயில் மெல்ல இறங்கி வரும்போது அந்த வெள்ளைக்கு ஓரத்திலிருந்து நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். டிவியில் வருஷா வருஷம் காட்டுகிற "மினி காஷ்மீர்" எல்லாம் இதன் பக்கத்தில் வராது.

அந்த நேரத்தில் வேலையாட்கள் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குளிரில் தண்ணீரா என்று தோன்றும். பனி படிந்தபடியே சுள்ளென்று வெயில் பட்டால் செடி கருகிவிடும், அதற்கு முன்னால் தண்ணீரை விட்டுக் கரைத்துவிட வேண்டும். இன்னொரு பக்கம் நாற்றுகள் மேல் மிலார் செடியை வெட்டி வந்து கூரை மாதிரிச் சாய்த்து வைத்திருந்தார்கள், நம் தாத்தா காலத்து வைத்தியம், இன்னும் அதற்கு மேல் ஒன்று வரவில்லை. மே மாதம் ஊரே திரண்டு போட்டோ எடுக்கிற அந்தப் பூவெல்லாம் இந்தக் குளிரில்தான் விதையாகவும் நாற்றாகவும் தொட்டியில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. விடியற்காலையில் ஐஸ் தண்ணீரில் கை வைக்கிற அந்த அக்காக்களையும் அண்ணன்களையும் கண்காட்சி நாளில் யார் பார்க்கிறோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல், மே முதல் சீசனும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனும் வெளியூர்க்காரர்களுக்கு. இருக்கட்டும், அதில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பொங்கல் லீவுக் கூட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தப் பனிக்காலக் காலைகள் யாருக்கும் இல்லாமல் கிடக்கின்றன. 55 ஏக்கர், ஊருக்கு நடுவே. அதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

இந்த இடம் ஆரம்பித்ததே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட காசில்தான். 1845-ல் இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்கட்டும் என்று ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. அப்புறம்தான் பொதுத் தோட்டம் என்ற யோசனை வந்து, 1848-ல் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த மெக்ஐவர் வந்து சதுப்பும் புதருமாக இருந்த சரிவை இப்போது நாம் பார்க்கிற மாதிரி ஆக்கினார். சந்தா கட்டியவர்களில் நம் ஆட்கள் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கெல்லாம் முன்னாலிருந்தே இந்த மலையில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள், பூங்காவின் மேல் கோடியில் அவர்களுடைய குடியிருப்பான மந்து இன்றைக்கும் இருக்கிறது. அது காட்சிப் பொருள் இல்லை, குடியிருக்கிற வீடுகள். தெரியாமல் எட்டிப் பார்த்துச் செல்ஃபி எடுக்கிறவர்களை விடுங்கள், நாமாவது வணக்கம் சொல்லிப் பழகியிருக்கிறோமா?

குளிர்காலம் என்றால் நம் ஊரில் ஒன்றும் நடக்காது, எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முத்தநாடு மந்தில் தோடர்கள் மொற்பர்த் பண்டிகை கொண்டாடுவதும், பெரிய கல்லைத் தோளுக்கு மேல் தூக்குவதும் இந்தக் குளிரில்தான். கோத்தகிரி பக்கம் பேரகணியில் படுகர்கள் வெள்ளை உடுத்தி ஹெத்தையம்மனைக் கும்பிடப் போவதும் இந்தக் குளிரில்தான். கிறிஸ்துமஸ், பொங்கல் தனிக் கணக்கு. எல்லாரும் அவரவர் இடத்தில் சேர்கிறோம். எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு இடம் வேண்டாமா?

நான் விழா எதுவும் கேட்கவில்லை. மேடை, மைக், பொன்னாடை என்று ஆரம்பித்தால் நானே வரமாட்டேன். வெயில் காய வாருங்கள், அவ்வளவுதான். வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற பாட்டிமார் ஊசியும் நூலுமாக இங்கே வந்து பின்னலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி கற்றுக்கொண்டால் லாபம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து புல்வெளியில் எவ்வளவு, மரத்தடியில் எவ்வளவு, மேல் சரிவில் எவ்வளவு என்று குறித்து வைக்கட்டும், பாடப் புத்தகத்தில் இல்லாத அறிவியல் அது. நாற்றங்காலில் மிலார் போட ஒரு கை கொடுக்கலாமா என்று முறையாகக் கேட்டுப் பார்ப்போம். விட்டால் செய்வோம், விடாவிட்டால் வெயில் எங்கேயும் போய்விடாது.

ஒன்றே ஒன்று. உறைந்திருக்கும்போது புல்லில் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். இலைக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸாக இருக்கும்போது மிதித்தால் உள்ளே எல்லாம் நொறுங்கிவிடும். அப்போது ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உங்கள் செருப்பு அச்சு அப்படியே பழுப்பாகக் காய்ந்து நிற்கும். போன வருஷம் என் அச்சே நின்றது, எட்டாம் நம்பர் செருப்பு, யாருக்கும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, பனி கரைந்த பிறகு, பெரிய புல்வெளிக்கு மேல்புறம் வெயில் விழுகிற பெஞ்சுகள் பக்கம் இருப்பேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ பெரிய பிளாஸ்க்கில் நான் கொண்டுவருகிறேன். வர்க்கி நீங்கள் வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
காந்தலிலிருந்து உங்களில் ஒருவன்