டைமிங்கும் பினியனும்: கதிருக்கு அம்மா எழுதுவது

கோயம்புத்தூர்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய ரிமோட் கார் ஓட்டத்தின் வீடியோவையும் அதற்குக் கீழே எழுதியிருந்த எண்களையும் பார்த்தேன். 17.5 டர்ன் (சுருளில் கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார், 96 பல் ஸ்பர் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), 46 பல் பினியன் (மோட்டார் அச்சில் மாட்டும் சிறிய பல்சக்கரம்), எண்ட்பெல்லில் (மோட்டாரின் பின்மூடி) டைமிங் 50 டிகிரி, ஐந்து நிமிட ஓட்டம் முடிந்ததும் மோட்டாரின் வெப்பம் 104 டிகிரி. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

டைமிங்கைக் கூட்டினால் வேகம் கூடும், பினியனைப் பெரிதாக்கினாலும் வேகம் கூடும், ஆகவே இரண்டையும் சேர்த்துக் கூட்டினேன் என்று நீ எழுதியிருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால் இரண்டுமே மோட்டாரின் மின்னோட்டக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் இருப்பு ஒன்றே. ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைத்தே ஆக வேண்டும்.

முதலில் டைமிங். பாலிடெக்னிக்கில் டி.சி. மோட்டார் பாடம் நடத்தும்போது, பிரஷ்களைச் சுழலும் திசைக்கு எதிராகச் சற்று நகர்த்தி வைக்க வேண்டியிருப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்காத ஆண்டு கிடையாது. பிரஷ்லெஸ் மோட்டாரில் பிரஷ் போய்விட்டது, காரணம் போகவில்லை. எண்ட்பெல்லுக்குள் இருக்கும் சிறிய பலகையில் மூன்று ஹால் சென்சார்கள் உள்ளன; ரோட்டாரின் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவை சொன்ன பிறகே ஸ்பீடு கன்ட்ரோலர் அடுத்த சுருளுக்கு மின்சாரத்தைத் திருப்புகிறது. எண்ட்பெல்லைத் திருப்பும்போது அந்தப் பலகையும் சேர்ந்து திரும்புவதால், சென்சார் சற்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடும் மோட்டாருக்கு ஒரு சுற்று முடிய 3 மில்லி விநாடிதான் ஆகும். அதற்குள் ஆறு முறை மின்சாரம் மாற வேண்டும், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மில்லி விநாடி. சுருளில் மின்னோட்டம் உடனே ஏறிவிடாது. ஆகவே அந்த அரை மில்லி விநாடியில் சற்று முன்னதாகவே தொடங்கி வைப்பதுதான் டைமிங்.

இதனால் உச்ச வேகம் கூடுகிறது. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும் குறைந்த வேகத்தில் இந்த முன்தொடக்கம் தேவைப்படுவதில்லை; அங்கே அதே மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் முறுக்கு விசை குறைகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. உன் கன்ட்ரோலரின் விளக்கு மினுங்கிக்கொண்டிருப்பதை வீடியோவில் பார்த்தேன். அது பிளிங்கி முறையில் இருப்பதால் வேகத்துக்கேற்ப டைமிங்கை ஏற்றி இறக்கும் பூஸ்ட், டர்போ எதுவும் உனக்குக் கிடையாது. எண்ட்பெல்லில் நீ வைத்த 50 டிகிரி நேர்பாதையிலும் அதேதான், கொண்டை ஊசி வளைவிலும் அதேதான்.

அடுத்தது கியர். உன் காரின் உள் விகிதம், அதாவது ஸ்பரிலிருந்து சக்கரம் வரை உள்ள கியர் விகிதம், 1.9 என்று எழுதியிருந்தாய். 96-ஐ 46-ஆல் வகுத்து 1.9-ஆல் பெருக்கினால் இறுதி விகிதம் 3.97 வருகிறது. டயரின் விட்டம் 63 மில்லிமீட்டர் என்று கொண்டால் சுற்றளவு 198. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நகர்கிறது. 40 பல் பினியன் போட்டால் விகிதம் 4.56, நகரும் தூரம் 43 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டாரின் பக்கம் நின்று பார்த்தால் சுமை கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடியிருக்கிறது. நம்மூர் விவசாயிகள் சிலர் அதே மோட்டாரில் பெரிய இம்பெல்லரை மாட்டித் தண்ணீர் கூடுதலாக வருகிறது என்று மகிழ்ந்து, இரண்டே மாதத்தில் காயில் கட்டும் கடைக்கு வருவார்களே, நீ செய்திருப்பதும் அதேதான் கண்ணு.

நீ எழுதாத ஒன்றையும் வீடியோ சொல்கிறது. ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுப் பார். நேர்பாதையின் கடைசியில் நீ பிரேக் பிடிக்கும் அந்த நொடியிலும் மோட்டாரின் ஓசை மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஓரிடத்தில்கூட நிலைக்கவில்லை. கியர் மிகவும் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். உனக்கு முன்னால் போகும் நீல நிறக் காரின் ஓசை நேர்பாதை முடிவதற்குச் சற்று முன் உச்சத்தைத் தொட்டு அப்படியே நிற்கிறது, அந்தக் கார்தான் உன்னைவிட வேகமாகவும் இருக்கிறது. நேர்பாதையின் நடுவிலேயே ஓசை உச்சத்தைத் தொட்டு வெறுமனே கத்திக்கொண்டு போனால் கியர் சிறிது என்று பொருள். அந்தத் தொல்லை உனக்கு இப்போதைக்கு இல்லை.

மூன்றாவது நிமிடத்திலிருந்து கார் மந்தமாகிறது, பேட்டரியாக இருக்குமோ என்று கேட்டிருந்தாய். பேட்டரியை விடு. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சுருளின் மின்தடை 29 சதவீதம் ஏறிவிடுகிறது. சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது; மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். இதோடு ரோட்டாரின் நியோடிமியம் காந்தமும் சூட்டில் வலுவிழக்கிறது. ஓரளவு வரை ஆறினால் திரும்பக் கிடைக்கும். எல்லை தாண்டினால் இழந்த காந்தம் இழந்ததுதான், புது ரோட்டார்தான் வாங்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்ட விடாதே என்று நான் சொல்வது அதனால்தான்.

வெப்பத்தை அளக்கும்போது அன்றைய காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள். நீ இருக்கும் ஜப்பானின் ஹமாமட்சுவில் 2020 ஆகஸ்ட் 17 அன்று 41.1 டிகிரி பதிவானது. கோவையிலிருந்து போனவனுக்கே அது கூடுதல்தான், மோட்டாருக்குக் கேட்கவே வேண்டாம். இளவேனிலில் 15 டிகிரிக் காற்றில் 70 காட்டிய அதே அமைப்பு, கோடையில் அதற்கு மேல் இருபது டிகிரி சேர்த்துத்தான் காட்டும். உண்மையில் நீ ஒப்பிட வேண்டியது காற்றைவிட மோட்டார் எவ்வளவு ஏறியது என்பதைத்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எண்ட்பெல் திருகுகளை முழுவதும் கழற்றாமல், கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, 35 டிகிரிக்கு இறக்கிவை. நண்பர்கள் சொல்லும் எண்ணை அப்படியே வைக்காதே. ஒவ்வொரு நிறுவனமும் பூஜ்ஜியத்தை வெவ்வேறு இடத்தில் குறிப்பதால், ஒருவர் மோட்டாரின் 45 இன்னொருவர் மோட்டாரின் 45 ஆகாது. 40 பல் பினியனைப் போடு. பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே ஒரு காகிதக் கீற்றை ஓட்டி, அதை அழுத்திப் பிடித்தபடி மோட்டாரை இறுக்கி, பிறகு கீற்றைச் சுற்றி எடுத்துவிட்டு ஸ்பரை விரலால் முழுச் சுற்று சுற்றிப் பார். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்ந்தால் ஸ்பர் வட்டமாக இல்லை என்று பொருள். இறுகும் இடத்தை வைத்தே இடைவெளியை முடிவு செய். மோட்டாரைப் பொருத்தும் திருகு கிட் உடன் வந்ததுதானா என்றும் பார்த்துக்கொள். சற்று நீளமானதைப் போட்டால் உள்ளே போய்ச் சுருளின் இனாமலைக் கீறிவிடும்.

கிளப்பில் மோட்டார் சோதிக்கும் கருவி இருந்தால் பினியன் இல்லாமல் வெறுமனே ஓட்டி, ஐந்து ஐந்து டிகிரியாக டைமிங்கைக் கூட்டிச் சுற்றையும் ஆம்பியரையும் எழுதிவை. தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஓரிடத்துக்குப் பிறகு ஆம்பியர் தாவும், சுற்று பேருக்குத்தான் கூடும். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடு. யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் போகாதே.

பாதையில் ஓட்டும்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று. 40-லிருந்து 41 பல்லுக்குப் போனால் இரண்டரை சதவீதம் மாறுகிறது, அதுவே போதும். பல்லைக் கூட்டிய நாளில் டைமிங்கைத் தொடாதே. வளைவுகள் நெருங்கிய உள்ளரங்குப் பாதைக்குப் போனால் பினியனைக் குறை. அங்கே உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓட்டம் முடிந்து கார் நின்ற உடனே, கூலிங் ஃபேன் ஓடுமுன், மோட்டார் உடலில் எப்போதும் ஒரே இடத்தைக் குறிவைத்து அள. வேறு வேறு இடத்தில் அளந்தால் எண்கள் ஒன்றோடொன்று பேசாது.

உன் நண்பரின் பக்கி வகை ரிமோட் காரைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது சென்சார் இல்லாத நான்கு துருவ மோட்டார் என்பதால் எண்ட்பெல்லில் திருப்ப ஒன்றுமில்லை. கன்ட்ரோலரின் நிரலில் உள்ள டைமிங்கைக் குறைந்த நிலையில் வைத்து, மற்றதைப் பினியனில் பார்க்கச் சொல்.

அப்பா உன் பழைய காரை மொட்டை மாடியில் ஓட்டி, துணிக்கொடியில் சிக்கவைத்துவிட்டு, கார் சரியில்லை என்கிறார். அதன் பினியன் திருகு தளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துக்கொள்கிறேன்.

40 பல், 35 டிகிரியில் ஒரு முழு ஓட்டம் ஓட்டிவிட்டு, காற்றின் வெப்பம், மோட்டாரின் வெப்பம், நேர்பாதை முடிவில் ஓசை நிலைத்ததா என்ற மூன்றையும் எழுதி அனுப்பு. அதுவரை புது மோட்டார் எதுவும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா