நாடா முடிந்த இடம்

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில், "ஒன்றுமில்லை அப்பா, ஒரு இசைக்குழு கலைந்துவிட்டது, அவ்வளவுதான்" என்றாய். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாய். அந்த மௌனத்துக்குப் பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவுதான்" என்று இனி சொல்லாதே. பதினைந்து வயதிலிருந்து அவர்கள் உன்னோடு இருந்திருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மேசையில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருப்பாய். அடுத்த அறையில் இருக்கும் நான் என்னை அறியாமல் எட்டாவது தட்டைப் போட்டு முடித்துக்கொள்வேன். நீ அதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கியிருப்பாய். அப்படிப்பட்ட ஒன்று போய்விட்டால் மனிதன் அழத்தான் செய்வான். வேறு வகைப் பாட்டு என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடிவிடலாம். நீளமான பாட்டும் சிக்கலான தாளமும் கொண்ட உன் புரோக்ரெசிவ் ராக் அப்படியா? இருபது நிமிடம் ஓடும் ஒரு பாட்டில் ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைகள் பிரிந்துவிட்டால் அந்தப் பாட்டு மேடையில் இல்லை. நீ இழந்தது சின்ன விஷயம் இல்லை, கண்ணா.

ஆனால் பேச்சின் நடுவே நீ சொன்ன ஒரு சொல் எனக்குள் தைத்துவிட்டது. கீபோர்டு வாசிப்பவரைத் துரோகி என்றாய். அவர் விலகியதால்தான் எல்லாம் முடிந்தது என்றாய். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் அதே சொல்லை நானும் ஒரு காலத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

1979. எனக்கு இருபது வயது. விடுதியில் ஒரு நண்பன் கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'ரெட்' தொகுப்பை ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தான். அட்டையில் நீல மையில் அவனுடைய கோணல் எழுத்து. கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் ஓடும். தொடக்கத்தில் மெல்லோட்ரான் ஒலிக்கும். அந்தக் கருவியின் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சிறு காந்த நாடா உண்டு. அழுத்தினால் ஏறக்குறைய எட்டு விநாடி ஒலித்து அடங்கிவிடும். அந்த எட்டு விநாடிகளைக் கோத்துக் கோத்துத்தான் அந்த மெட்டைக் கட்டியிருக்கிறார்கள். பிறகு எல்லாம் அடங்கி, பதின்மூன்று அடிச் சுற்று ஒன்றை பேஸ் கிட்டார் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கிட்டார் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். சுரம் மாறுகிறதா இல்லையா என்று தெரியாதபடி மெல்ல மேலே ஏறும். டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சினம் கொள்ளும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். சரியாக எல்லாம் உடைந்து பொங்கும்போது என் கேசட்டில் நாடா முடிந்துவிடும். கடைசி ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

இவர்களுடைய அடுத்த தொகுப்பு எப்போது வரும் என்று நண்பனைக் கேட்டேன். "அந்தக் குழு கலைந்து ஐந்து வருஷம் ஆகிறது" என்றான். 1974 செப்டம்பர் மாதத்திலேயே அதன் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் குழுவை முடித்துவிட்டார். 'ரெட்' அதற்குப் பிறகுதான், அக்டோபரில் வெளிவந்தது. மற்ற இருவரும், ஜான் வெட்டனும் பில் புரூஃபர்டும், தொடரத்தான் விரும்பினார்கள். அவர் ஒருவர்தான் போதும் என்றார். அப்போது அவருக்கு 28 வயது. பெயரும் கூட்டமும் கூடிவந்த நேரத்தில் எழுந்துபோய், மறு ஆண்டு பத்து மாத உறைவிடப் பயிற்சி ஒன்றில் மாணவராகச் சேர்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முகம்கூடப் பார்த்திராத ஒருவரை, அவர் செய்து ஐந்து வருடம் கழிந்த ஒரு செயலுக்காக, துரோகி என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். கிங் கிரிம்சனின் முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் வந்தது. அந்த டிசம்பரிலேயே, முதல் அமெரிக்கப் பயணத்தின் முடிவில், இயன் மெக்டொனால்டும் மைக்கேல் ஜைல்ஸும் விலகப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். குழுவின் பாதி பலம் அவர்கள். அதைக் கேட்ட ஃபிரிப் என்ன சொன்னார் தெரியுமா? நான் போய்விடுகிறேன், நீங்கள் இருந்து நடத்துங்கள் என்றார். அவர்கள் ஏற்கவில்லை. நான் துரோகி என்று சொன்ன மனிதர், தான் விலகினால் குழு பிழைக்கும் என்றால் விலகத் தயாராக இருந்தவர். இன்னொன்றையும் கேள். நான் மூச்சைப் பிடித்துக் கேட்ட அந்தப் பாட்டில் சாக்ஸஃபோன் ஒலிக்கிறதே, அதை வாசித்தவர்களில் ஒருவர் அதே மெக்டொனால்ட். விட்டுப்போனவரை ஐந்து ஆண்டு கழித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் வந்து வாசித்திருக்கிறார். ரசிகர்கள் நாம்தான் பகையை அடைகாத்துக்கொண்டிருந்தோம்.

ஜெனிசிஸ் கதை உனக்கே தெரியும். அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகினார் என்று மட்டும் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்குக் குழந்தை பிறந்து, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. தொகுப்பு வேலை ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம் என்று அவர் அலைந்தார். மற்றவர்கள் அந்த நேரத்தில் போதிய பரிவு காட்டவில்லை என்பதைப் பின்னாளில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். விலகுவது என்று முடிவெடுத்த பிறகும் பயணம் முடியும்வரை அவர் மேடையேறிக்கொண்டுதான் இருந்தார். தகப்பனான பிறகு எனக்கு இது வேறு மாதிரி படுகிறது. நீ காய்ச்சலில் கிடந்த இரவுகளில் நான் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ததில்லை. 1982-ல் அவர் முன்னின்று நடத்திய இசை விழாவால் கடனில் மூழ்கியபோது, அவர் விட்டுப்போன அதே தோழர்கள் ஒரு நாள் சேர்ந்து வாசித்து அந்தக் கடனுக்குத் தோள்கொடுத்தார்கள். அன்று நல்ல மழை. துரோகிக்காக யாரும் மழையில் நின்று வாசிப்பதில்லை.

அடுத்து, நான் வெட்கப்படும் ஒரு விஷயம். 2015 ஆகஸ்ட் 1 அன்று ரஷ் என்ற கனடாக் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாசித்தது. வாசித்து முடித்ததும் நீல் பியர்ட் டிரம்ஸை விட்டு எழுந்து முன்னால் வந்து குழுவின் மற்ற இருவரான கெடி லீயையும் அலெக்ஸ் லைஃப்சனையும் அணைத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகளில் அவர் அப்படி முன்னால் வந்ததே இல்லை. விடைபெறுகிறோம் என்று அறிவிக்கவில்லை. அந்த அணைப்பைப் பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "இன்னும் வாசிக்க முடிகிறபோது ஏன் நிறுத்த வேண்டும்? ரசிகர்களுக்கு ஒரு கடமை இல்லையா?" என்று குறைப்பட்டுக்கொண்டேன். மூட்டு வலியோடு மூன்று மணி நேரம் டிரம்ஸ் வாசிப்பது என்ன பாடு என்று யோசிக்கவில்லை. 1997-ல் மகளையும் மறு ஆண்டு மனைவியையும் பறிகொடுத்த மனிதர் அவர். அப்போது மற்ற இருவரும் எப்போது வருவாய் என்று நச்சரிக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு மீண்டும் திருமணம் செய்து, ஒரு சிறு மகளுக்குத் தகப்பனாகி, அவளோடு வீட்டில் இருக்க விரும்பினார். 2020 ஜனவரியில் அவர் இறந்தபோதுதான், மூன்றரை ஆண்டுகளாக மூளைப் புற்றுநோயோடு இருந்தார் என்ற செய்தி வெளியே வந்தது. அவரும் குடும்பமும் நண்பர்களும் அதை வாய்திறக்காமல் ரகசியமாகவே வைத்திருந்திருக்கிறார்கள். கடமை என்று நான் சொன்னதை அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கீபோர்டுக்காரருக்கு நோய் என்றோ குடும்பத்தில் கஷ்டம் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே அறையில் அதே நால்வரோடு உட்கார்ந்து இன்னொரு தொகுப்பு எழுத மனம் வரவில்லை என்பதாகவே இருக்கலாம். அதுவும் காரணம்தான். ஒவ்வொரு தொகுப்பிலும் போன தொகுப்பைப்போல இருக்கக்கூடாது என்று அடம்பிடித்தவர் அவர் என்று நீதானே எனக்குப் பெருமையாகச் சொன்னாய்? அந்தப் பிடிவாதத்தைப் பதினைந்து ஆண்டு ரசித்தோம். அதே பிடிவாதம் அவரை வாசல்வரை கொண்டுபோய்விட்டால் அன்றைக்கு மட்டும் எப்படி அது குற்றமாகும்?

திரும்பி வருவார்களா என்று கேட்டாய். வரலாம். என் ஆட்களும் 1981-ல் வந்தார்கள், ஃபிரிப், புரூஃபர்ட், கூடவே இரண்டு புதியவர்கள். நான் ஆசை ஆசையாகக் காத்திருந்து வாங்கினேன். மெல்லோட்ரான் இல்லை, அந்தப் பாரம் இல்லை. இரண்டு கிட்டார்கள் ஒன்று பதினான்காகவும் ஒன்று பதின்மூன்றாகவும் பின்னிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு சுரம் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரியில் வைத்தவன் ஏழு ஆண்டு எடுக்கவில்லை. அற்புதமான தொகுப்பு அது. நான் வேறு எதையோ எதிர்பார்த்துக் காதை அடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தொகுப்பில் அறிகுறி தேடுகிறேன் என்றாயே, அதை விட்டுவிடு. நானும் 'ரெட்' அட்டையில் மூன்று முகங்களையும் உற்றுப் பார்த்துத் தேடியவன்தான். அதில் வெட்டன் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கடைசி ஒரு நிமிடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் அந்தத் தொகுப்பின் சிடி கைக்கு வந்தது. நாடா முடியும் இடத்தைத் தாண்டிப் பாட்டு போனது. தொடக்கத்தில் மெல்லோட்ரானோடு வந்த அதே மெட்டு, அத்தனை இரைச்சலுக்கும் பிறகு, முழுப் பலத்தோடு திரும்பி வந்தது. ஒன்பது ஆண்டுகளாக அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உன் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்ன ஆயிற்று, ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நீயும் கடைசிப் பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டேன், கேட்கமுடியவில்லை என்றாய். அவசரமில்லை. எப்போது முடிகிறதோ அப்போது முழுவதும் கேள். கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. நானும் இங்கே அதே பாட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஏழாவது தட்டில் நிறுத்த இந்த வாரம் முழுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா