ஃபோர் வீல் மாட்யூலை மாற்றி வண்டியை முன்பைவிட மோசமாக்கிக் கொடுத்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் டோல் ஃப்ரீ எண்ணில் பதிந்த புகாருக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டி ஃபோர் ஹெச்சில், அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற நிலையில், மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. அதனால் இதை மெயிலிலும் அனுப்புகிறேன், ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புகிறேன். என்ன மாடல், எப்போது வாங்கியது என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். போன் எடுக்கிற ஒவ்வொருவரும் சேஸிஸ் நம்பரை முதலிலிருந்து கேட்பார்கள், இனியும் அதை ஒப்பிக்க எனக்குத் தெம்பில்லை.

ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது. தாண்டிக்குடிக்கு மேலே என் தோட்டத்துக்குப் போகிற மண் பாதையில் வழக்கம்போல பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ ஹெச்சிலிருந்து ஃபோர் ஹெச்சுக்கு ஸ்விட்சைத் திருகினேன். மீட்டரில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவே இல்லை. முன் சக்கரமும் பிடிக்கவில்லை. சரி என்று வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மெதுவாக, அதிக இழுவையோடு போகிற ஃபோர் லோவுக்கும் திருகிப் பார்த்தேன். மாறும்போது அடியில் கேட்குமே அந்த மோட்டார் சத்தம், அது வரவே இல்லை. இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் செய்த வண்டி, இந்தக் கோளாறு எதனால் வரும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆனால் திண்டுக்கல்லில் இருக்கிற உங்கள் சர்வீஸ் சென்டருக்குத் தெரியவில்லை. முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) இருக்கிற ஷிஃப்ட் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். 26,000 ரூபாய் பில். விளக்கு அப்படியே மினுக்கியது. பிறகு வயரிங் என்றார்கள், அப்புறம் பேட்டரி வோல்டேஜ் குறைவு என்றார்கள். கடைசியில் வத்தலக்குண்டில் இருக்கிற ஒரு எலக்ட்ரீஷியன் பையனிடம் காட்டினேன். என்னை உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைத் திருகச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து, மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தான். பல்ப் எரியவில்லை. ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. "அண்ணே, மோட்டாருக்குக் கரண்டே வரல, அப்புறம் மோட்டார மாத்தி என்ன பண்ண? மேல இருக்கிற பாக்ஸ்தான் போயிருக்கு" என்றான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டான், காசும் வாங்கவில்லை. காய்ச்சலுக்கு வந்தவனுக்குக் காலில் கட்டுப் போட்டு அனுப்பிய உங்கள் ஆட்களுக்குத்தான் நான் 26,000 கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பையன் சொன்ன பாக்ஸ், அதாவது மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கிற கன்ட்ரோல் மாட்யூல்தான் போயிருக்கிறது என்று சர்வீஸ் சென்டரும் ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு வாரன்டி கிடையாது என்றார்கள். வாரன்டிக் காலம் இன்னும் முடியவில்லை. கேட்டால் "வாட்டர் என்ட்ரி" என்கிறார்கள். அந்தப் பெட்டி கேபினுக்கு உள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. நான் ஆற்றில் வண்டி இறக்கவில்லை, கதவைத் திறந்துபோட்டு மழையில் நிறுத்தவும் இல்லை. அங்கே தண்ணீர் போயிருந்தால் எந்த வழியாகப் போனது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பழைய பெட்டியைக் காட்டுங்கள், கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன் என்றேன். "அது கம்பெனிக்கு அனுப்பியாச்சு சார்." வாரன்டியே இல்லாத பாகத்தைக் கம்பெனிக்கு எதற்கு அனுப்பினார்கள்? அப்படி உங்களிடம் வந்திருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

இதற்கிடையில் அந்த சர்வீஸ் அட்வைசரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் இங்கே எழுதவில்லை, என் ஜாப் கார்டு எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. மழையில் மலையிலிருந்து இறங்கி வந்து, மதியச் சாப்பாடும் இல்லாமல், பார்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார், "பின் சக்கரத்துல வண்டி ஓடுதுல்ல சார்? ஃபோர் வீல் போடாமலே பாதிப் பேர் ஓட்டுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" ஃபோர் வீலுக்காகத்தானே ஐயா லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து இந்த மாடலை வாங்கினேன். ஷோரூமில் விற்கும்போது ஏசியில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து மலை ஏறுகிற வீடியோவைப் போட்டுக் காட்டினீர்களே, அப்போது பின் சக்கரமே போதும் என்று யாரும் சொல்லவில்லையே. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று நான் சொன்னதற்கும் அதே ஆள் சிரித்துக்கொண்டே, "தோட்டத்து லோடு அடிக்கிறீங்க, அது கமர்ஷியல், நீங்க கன்ஸ்யூமரே கிடையாது" என்றார். வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்கிறவன் தன் உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அவருக்கு வண்டியும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை, மனுஷனிடம் பேசவும் தெரியவில்லை.

சரி, மாட்யூலுக்கு வருகிறேன். 38,000 ரூபாய் முன்பணமாகக் கட்டிய பிறகுதான் ஆர்டரே போட்டார்கள். வந்துவிட்டது என்று ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். காப்பிப் பழம் எடுக்கிற நேரம், ஆட்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பிப் போனேன். பெட்டியை மாட்டினார்கள். மாட்டினால் மட்டும் போதாது, அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரைப் புது மாட்யூலுக்குள் எழுதி கோடிங் செய்ய வேண்டும், அது உங்கள் கம்பெனி லேப்டாப்பில்தான் நடக்கும் என்று அப்போதுதான் சொல்கிறார்கள். லேப்டாப் இருந்தது, லாகின் ஆகவில்லை. கோடிங் செய்கிற ஆள் மதுரையில் இருக்கிறாராம், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வரமாட்டாராம். இது தெரிந்தும் எதற்காக என்னைக் கூப்பிட்டார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. சாயங்காலம்வரை உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு பையன் ஸ்கேனரை மாட்டி, ஷிஃப்ட் மோட்டார் வேலை செய்கிறதா என்று அதை ஓட்டிப் பார்த்தான். "இப்போதைக்கு எடுத்துட்டுப் போங்க சார், ஓடும், அடுத்த வாரம் கூப்பிடுறோம்."

மீட்டரில் விளக்கு எதுவும் எரியவில்லை. டூ ஹெச்சில் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வத்தலக்குண்டு வரை ரோடு நேர், ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறி முதல் கொண்டை ஊசி வளைவில் ஒடித்ததும் ஸ்டியரிங் கையை உதறுகிறது, முன் டயர் தாரில் இழுபட்டு சத்தம் போடுகிறது, பின்னால் யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல வண்டி திணறுகிறது. முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் வளைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் யூசர் மேனுவலிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறீர்கள். சோதனைக்காக ஃபோர் ஹெச்சில் தள்ளிய மோட்டாரைத் திருப்பாமலே அனுப்பிவிட்டார்கள்! இருட்டில், பனியில், எதிரே பஸ் வரும் என்ற பயத்தில், ஒவ்வொரு வளைவிலும் பின்னால் எடுத்து எடுத்து ஏறினேன். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை என் மனைவிதான் எழுதிக்கொண்டிருப்பாள். டயர் தேய்ந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ, மொத்தமும் போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பழுத்த காப்பியை எடுத்த அன்றே பல்பரில் (தோல் உரிக்கிற மிஷின்) போட வேண்டும், மூட்டையிலேயே கிடந்தால் புளித்துப் போகும். சீசன் முழுக்க வாடகை ஜீப்புக்காகக் காத்திருந்து எத்தனையோ மூட்டை அப்படிப் போனது. இந்த வருஷக் காப்பியே எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை, வண்டியின் இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன். என் பேச்சைக் கேட்டு என் மச்சானும் உங்கள் வண்டிதான் வாங்கினார் (இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை). அதனால் முதலில் மரியாதையாகவே கேட்கிறேன். கோடிங் தெரிந்த ஆளை வைத்து மாட்யூலை முறையாகப் பதிந்து, டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பார்த்து, எழுத்தில் ரிப்போர்ட் கொடுங்கள். மாட்யூல் வாரன்டியில் வர வேண்டும், தேவையில்லாமல் மாற்றிய மோட்டாருக்கான பணமும் திரும்ப வர வேண்டும். என்னிடமிருந்து கழற்றிய பாகங்கள் என் முன்னால் வர வேண்டும். முன் டயர் இரண்டும் உங்கள் செலவு. காப்பி நஷ்டத்துக்கும் அலைச்சலுக்கும் சேர்த்து ஐந்து லட்சம் கேட்கிறேன், அதுவும் குறைவுதான். அந்த அட்வைசர் போனில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், வேலையை விட்டு எடுங்கள் என்று கேட்கவில்லை.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் போகும், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போகும், வளைவில் அந்த டயர் போடுகிற சத்தம் வீடியோவாக ஃபேஸ்புக்கிலும் போகும். ஜாப் கார்டு, பில், குறுஞ்செய்தி எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டிக்குடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: வண்டியை எடுக்க ஆள் அனுப்பினால் ஃப்ளாட்பெட் அனுப்புங்கள். சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போக நான் விடமாட்டேன். தோட்டத்தில் டவர் கிடைக்காது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடவும்.