சம்பளத்துக்காக மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

படித்தவர்கள் சம்பளத்துக்காகவே வெளிநாடு போகிறார்கள் என்ற கட்டுரையைப் படித்தேன். நான் தன்பாலீர்ப்பாளன், ஊர் விருதுநகர் பக்கம். படிப்பு முடிந்ததுமே வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். மாட்டேன் என்றதும் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி அவர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். இப்படி 'மாற்றும்' சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல்தான் உத்தரவிட்டது.

2018இல் உச்ச நீதிமன்றம், தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து எங்களை விடுவித்தது, சரி. ஆனால் 2023இல் திருமண உரிமை தர மறுத்துவிட்டதே! நான் இப்போது வாழும் கனடாவில் 2005 முதல் அது சட்டம். என் துணைவருக்கு இங்கே கணவர் என்றே விசா கிடைத்தது. ஊருக்கு வந்தால் சட்டத்தின் கண்ணில் நாங்கள் யாரோ எவரோ. திரும்பி வரச் சொல்பவர்கள் முதலில் இதற்கு வழி சொல்லட்டும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டொராண்டோ